கணக்குப் படித்த பிள்ளைக்குக் கதவைத் திறப்பது யார்?

எமது மாவட்டத்தில் க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தெரிவுசெய்யும் பெண் பிள்ளைகள் ஏராளம். விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத கிராமப் பாடசாலையிலும் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி ஆகிய பாடங்களைப் படிப்பிக்க முடிகிறது. எனவே வாவியின் இரு கரைகளிலும் ஐந்தொகை தயாரிக்கத் தெரிந்த பெண் பிள்ளைகளை வீட்டுக்கு வீடு காணலாம். அவர்களில் ஒரு பகுதியினர் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கின்றனர். இன்னும் சிலர் கணக்கியலுக்கான உயர் தேசிய டிப்ளோமா படிக்கின்றனர், வேறு சிலர் ஏ.ஏ.ரி. பரீட்சை எழுதுகின்றனர். பலர் எதற்கும் போகாமல் வீட்டோடு நின்றுவிடுகின்றனர்.

படித்து முடித்தவர்களிடமும் வேலைக்குப் போகும் இடத்தில் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "அனுபவம் இருக்கிறதா?"

அனுபவம் கிடைக்கும் இடம் கணக்காய்வு அலுவலகம். பெரிய பரீட்சைகளைப் பொறுத்தவரை இது ஒரு நிபந்தனையும் ஆகும். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், பரீட்சையில் சித்தியடைந்தால் மாத்திரம் ஒருவரைக் கணக்காளராக ஏற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற இடமொன்றில் அவர் ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். ஆகவே புத்தகத்தில் எவ்வளவு கெட்டித்தனம் இருந்தாலும், யாராவது ஒருவர் தமது அலுவலகக் கதவைத் திறந்து "உள்ளே வந்து பழகு" என்று சொல்லாவிட்டால் அந்தப் பயணம் வாசலிலேயே நின்றுவிடும்.

படுவான்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் 2023ஆம் ஆண்டு மார்ச் நடுப்பகுதியிலிருந்து மூன்று மாதங்கள் மட்டக்களப்பு நகரத்தில் இவ்வாறான பயிற்சியைப் பெற்றார். அவரது தாயார் நான் கடமையின் நிமித்தம் சென்றுவரும் மாதர் சங்கமொன்றின் அங்கத்தவர். பயிற்சி முடிந்த பின்னர் அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னவற்றையும், அந்தச் சங்கத்தில் நான் நேரில் கண்டவற்றையும் இங்கு தருகின்றேன். எந்த அலுவலகம், யாருடைய கணக்கு என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறரது கணக்கை வெளியில் பேசாதிருப்பது அந்தத் தொழிலின் முதற்பாடம்.

இடம் தேடிய கதை

விடுமுறையை வீணாக்காமல் பயிற்சி பெற வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விருப்பம். ஐந்து அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினார். மூன்றிலிருந்து பதிலே வரவில்லை. ஒன்றில், "பொம்பிளப் பிள்ளையள எடுத்தா வெளி வேலைக்கு அனுப்ப ஏலாது, கலியாணம் எண்டு போயிருவாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஐந்தாவது இடத்தில்தான் வரச்சொன்னார்கள். அங்கும் அவரைப் படிப்பித்த ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்ன பிறகே அது நடந்தது.

தெரிந்தவர் இருந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பதே இங்குள்ள நடைமுறை. நகரத்துப் பிள்ளைக்கு மாமா, சித்தப்பா என்று யாராவது இருப்பர். கூலி வேலை செய்யும் தாயின் பிள்ளைக்கு யார் இருக்கின்றார்கள்?

இடம் கிடைத்த பின்னர் வந்த பிரச்சினை பயணம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அலுவலகங்கள், வங்கிகள், பெரிய கடைகள் பெரும்பாலும் எழுவான்கரையிலும் நகரத்திலுமே உள்ளன. முன்னர் மண்முனையில் 'பாதை' ஏறித்தான் வாவியைக் கடந்தோம். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. ஆனால் பாலம் இருந்தாலும் பஸ் வேண்டுமே! பின்னேரம் ஐந்தரைக்குப் பின் அந்தப் பிள்ளையின் ஊருக்கு நேரடி பஸ் இருக்கவில்லை. தவறவிட்டால் ஆட்டோ. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் வீட்டில் இரண்டு நாள் சமைக்கலாம்.

பயிற்சிக் காலத்தில் அவர் எழுதிய முதற்கணக்கு தன்னுடைய கணக்குத்தான். பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 240 ரூபா, மாதத்தில் 24 நாள், மொத்தம் 5,760 ரூபா. அலுவலகம் கொடுத்த கொடுப்பனவு 5,000 ரூபா. பகற்சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனாலும் மாதம் 760 ரூபா துண்டு விழுந்தது. அதைத் தாயார் கோழி முட்டை விற்று ஈடுசெய்தார். முற்றிலும் இலவசமாக வேலை வாங்கும் இடங்களும் உண்டு என்பதால், இது மோசமான இடமல்ல என்றே அந்தப் பிள்ளை சொல்கிறார். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பயிற்சியை ஏன் பாதியில் விட்டுவிடுகின்றார்கள் என்பதற்கு இந்த 760 ரூபாவே பதில்.

முதல் மாதம்: தேநீரும் வவுச்சரும்

முதல் இரண்டு கிழமையும் போட்டோக் கொப்பி எடுப்பது, கோவைகளை அடுக்குவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது ஆகியனவே வேலையாக இருந்தன. தன்னோடு ஒரே நாளில் சேர்ந்த ஆண் பயிலுனரை வாடிக்கையாளர் இடங்களுக்கு அனுப்பினார்கள், தன்னைத் தேநீர் ஊற்றச் சொன்னார்கள் என்றார். "தேத்தண்ணி ஊத்துறது எனக்குப் பாரமில்ல அக்கா. ஆனா அதப் பழகுறதுக்கா நான் வாவி கடந்து வாறன்?" என்று அவர் கேட்டது நியாயமே.

மூன்றாம் கிழமை அவரே மேலதிகாரியிடம் போய், "சேர், எனக்கும் ஒரு பைல் தாங்க" என்று கேட்டிருக்கிறார். கேட்டதும் தந்தார்கள். இதனை எமது பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அமைதியாக இருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்று வீட்டில் பழக்கிவிடுகின்றோம். அலுவலகத்தில் அமைதியாக இருக்கும் பிள்ளைக்குத் தேநீர்க் கேத்தல்தான் மிஞ்சும்.

அந்தக் கோவையில் அவர் செய்த வேலை வவுச்சர் சரிபார்த்தல். காசேட்டில் ஒரு செலவு எழுதப்பட்டிருந்தால் அதற்கு ஒரு வவுச்சர் இருக்க வேண்டும். வவுச்சருக்குப் பின்னால் பற்றுச்சீட்டோ பில்லோ இருக்க வேண்டும். பில்லில் திகதி, தொகை, யாருக்கு விற்றது என்பன இருக்க வேண்டும். அனுமதித்தவரின் கையொப்பமும் வேண்டும். எல்லாம் சரியென்றால் ஒரு குறி இடலாம். சரியில்லாவிட்டால் ஏன் என்று கேள்வி எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான தாள்களை இவ்வாறு புரட்டுவது அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு நாள் 38,500 ரூபா பில்லொன்று இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தரம் வந்திருப்பதை அவர் கண்டார். ஒரு தரம் மூலப்பிரதியுடனும் மறு தரம் போட்டோக் கொப்பியுடனும் பணம் எடுக்கப்பட்டிருந்தது. பில் இலக்கம் ஒன்றே. மேலதிகாரி அதனைப் பார்த்துவிட்டு, கேள்விப் பத்திரத்தில் இந்தப் பிள்ளையின் பெயரின் முதலெழுத்தையே போட்டு அனுப்பினார். அன்றிலிருந்து கேத்தல் அவருடைய கைக்கு வரவில்லை.

ஆங்கிலமும் ஒரு தடையாக இருந்தது. பாடசாலையில் 'பெறுமானத் தேய்வு' என்று படித்ததை அலுவலகத்தில் 'டிப்ரிசியேசன்' என்றார்கள், 'பரீட்சை மீதி'யை 'ட்ரயல் பலன்ஸ்' என்றார்கள். விடயம் தெரியும், பெயர்தான் தெரியாது. அவர் ஒரு சிறிய கொப்பியில் இரண்டு நிரல் போட்டு, ஒரு பக்கம் தமிழும் மறு பக்கம் ஆங்கிலமுமாக எழுதிவந்தார். மூன்று மாதத்தில் அந்தக் கொப்பி நிறைந்துவிட்டது. பஸ்ஸில் இருந்துகொண்டே மனனம் செய்ததாகச் சொன்னார்.

இது ஆண்களின் வேலையா?

கணக்காய்வு என்றால் வெளியிடங்களுக்குப் போக வேண்டும், ஆண்களிடம் கேள்வி கேட்க வேண்டும், அது பெண்களுக்குச் சரிவராது என்ற பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற பெண் 1891இல் அங்கத்துவம் கேட்டபோது பட்டயக் கணக்காளர் நிறுவனம் அவரை ஏற்க மறுத்தது. 1920இல்தான் அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. உலகின் முதலாவது பெண் பட்டயக் கணக்காளர் அவரே.

எம்மொழி பேசும் பெண்ணொருவரும் இவ்வரலாற்றில் இருக்கின்றார். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். சிவபோகம் இந்தியாவின் முதலாவது பெண் கணக்காய்வாளர். 1907இல் பிறந்த அவர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையில் இருந்தவர். சிறையிலிருந்து வந்து கணக்கியல் படித்து 1933இல் அரசாங்க டிப்ளோமாவில் சித்தியடைந்தார். சென்னையில் சி.எஸ். சாஸ்திரி என்ற கணக்காய்வாளரிடம் பயிலுனராக இருந்து தொழில் கற்றார். சிறை சென்றவர்கள் கணக்காய்வாளராகப் பதிவுசெய்ய முடியாது என்று அக்காலச் சட்டம் தடுத்தது. அவர் நீதிமன்றம் சென்று வென்றார். 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்தியப் பிராந்திய சபைக்குத் தலைமை தாங்கினார். இறுதிப் பரீட்சையில் சிறப்பாகச் சித்தியடையும் பெண்ணுக்கென்று ஒரு பரிசையும் 1956இல் ஏற்படுத்தினார்.

இதில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். சிவபோகத்தின் கெட்டித்தனமும் துணிவும் ஒரு புறம். மறு புறத்தில், பெண்ணொருவரைப் பயிலுனராகச் சேர்த்துக்கொள்ள ஒரு கணக்காய்வாளர் சம்மதித்தார். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் டிப்ளோமா பெட்டிக்குள்ளேதான் இருந்திருக்கும்.

நெல் மூடை எண்ணிய இரவு

இலங்கையில் பெரும்பாலான வியாபாரங்களின் கணக்காண்டு மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. அன்று கையிருப்பை எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும். வியாபாரம் முடிந்த பிறகே எண்ணலாம் என்பதால் இரவாகிவிடும். ஓர் அரிசி ஆலைக்குப் போவதற்கு ஆண் பயிலுனர்களின் பெயர்கள் மாத்திரம் எழுதப்பட்டன. "நானும் வாறன் சேர், சின்னம்மா கல்லடியில இரிக்கிறா, அங்க தங்குவன்" என்று இந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறார். பெயர் சேர்க்கப்பட்டது. இன்னொரு பெண் ஊழியரும் உடன் சென்றார்.

பெரும்போக அறுவடை முடிந்த காலம், களஞ்சியம் நிறைய நெல். மற்றவர்கள் முன்வரிசையை எண்ணி, உயரத்தாலும் அகலத்தாலும் பெருக்கி எழுதத் தொடங்கினர். இவர் ஏணியில் ஏறி மேலே பார்த்தார். அடுக்கின் நடுப்பகுதியில் மூடைகள் இருக்கவில்லை, காற்றோட்டத்துக்கு விட்ட வெளி என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இல்லாத மூடையை எண்ண முடியாதல்லவா? அந்த வெளியைக் கழித்து எழுதினார்கள். அடுத்து, எல்லா மூடையும் ஒரே நிறை என்று எழுதியிருந்ததை இவர் கேட்டார். ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே நிறை நில்லாது என்பது வயலோடு வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். சில மூடைகளைத் தராசில் வைத்துப் பார்த்தே நிறையைப் பதிந்தனர்.

"ஊர்ல அம்மாவோட நெல்லுக் காயப்போட்டது இஞ்ச உதவும் எண்டு நான் நினைக்கவே இல்ல அக்கா" என்றார். கிராமத்துப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணும் அலுவலகங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். எமது மாவட்டத்தின் வியாபாரம் நெல்லும் மீனும் பாலும்தான். அவற்றை அறிந்தவர்கள் படுவான்கரைப் பிள்ளைகளே.

சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர்கள்

இன்னொரு கோவையில் அவர் சம்பளப் பட்டியலைப் பார்த்தார். வேலைசெய்யும் பெண்கள் பலர், ஊழியர் சேமலாப நிதிப் பட்டியலில் உள்ளவர்கள் சிலர். அது குறித்து அலுவலகத்தில் எழுத வேண்டியதை எழுதிவிட்டார். அந்த இடம் எதுவென்பது எமக்குத் தேவையில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பது இதனை வாசிக்கும் ஒவ்வொரு சகோதரிக்கும் தேவை.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தனது பங்காக 12 வீதம் சேர்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின்படி மேலும் 3 வீதத்தை முதலாளி மாத்திரம் செலுத்த வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது.

மாதச் சம்பளம் 25,000 ரூபா என்று வையுங்கள். உங்கள் பங்கு 2,000, முதலாளியின் பங்கு 3,000, மாதம் 5,000 ரூபா சேமலாப நிதியில் சேரும். பத்து வருடத்தில் வட்டி இல்லாமலே 6 இலட்சம் ரூபா. புடவைக் கடையில் பத்து வருடம் நின்று, கலியாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ விலகும்போது வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் எமது பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் இழந்தது இந்தத் தொகையைத்தான். உங்கள் அங்கத்தவர் இலக்கம் என்ன என்று முதலாளியிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

இந்தப் பிள்ளையின் மூத்த சகோதரி நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறார். நான்கு வருடமாக அங்கத்தவர் இலக்கம் என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தங்கை சொல்லிக்கொடுத்த பிறகே கேட்டார். இலக்கம் கிடைத்தது. ஆனால் அது அந்த மாதத்திலிருந்துதான். பழைய நான்கு வருடக் காசுக்காக அவர் முறைப்பாடு எழுதிக்கொடுத்துள்ளார்.

அம்மாவின் கடன் அட்டை

சுனாமிக்குப் பின்னரும் யுத்தம் முடிந்த பின்னரும் நுண்கடன் கம்பனிகள் எமது கிராமங்களுக்குள் எவ்வாறு வந்தன என்பதை வாசகிகளுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைக் கட்ட முடியாமலிருந்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அவற்றில் ஒன்று. ஆயினும் கிழமைக் கடன் எமது வாசலை விட்டுப் போகவில்லை.

பயிற்சியின் இரண்டாம் மாதம் இந்தப் பிள்ளை தாயாரின் பழைய கடன் அட்டையை எடுத்துப் பார்த்தார். கடன் 50,000 ரூபா. கிழமைக்கு 1,200 ரூபாவீதம் 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி 12,400. இருபத்தைந்து வீதத்துக்கும் குறைவு என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் 50,000 ரூபாவும் வருடம் முழுவதும் தாயாரின் கையில் இருந்ததா? இல்லை. முதற்கிழமையிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டார். அரை வருடம் போகும்போது ஏறத்தாழ அரைவாசி கட்டியாயிற்று. கட்டி முடித்த காசுக்கும் வட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. கையில் உண்மையாக இருந்த மீதிக்கு மட்டும் கணித்தால் வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 45 வீதம் வருகிறது. ஆவணச் செலவென்று முதலிலேயே கழித்ததை இதில் சேர்க்கவில்லை.

இதனைக் கேட்ட தாயார் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "கிழமைக்கு எவ்வளவு எண்டுதான் புள்ள நாங்க கேட்டம். வருசத்துக்கு எவ்வளவு எண்டு ஆர் கேட்ட?"

அந்தக் கடன் கட்டி முடிந்துவிட்டது, கொடுத்த காசு திரும்பி வராது. ஆனால் அடுத்த முறை கடன் தர வந்தவரிடம் அந்த ஊர்ப் பெண்கள் மூன்று கேள்விகள் கேட்டனர். கையில் எவ்வளவு கிடைக்கும்? மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? வட்டி முழுத் தொகைக்கா, குறையும் மீதிக்கா? மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சங்கக் கூட்டத்தில் இருந்த பன்னிரண்டு பேரில் அன்று கடனுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

பொருளாளர் அக்காவின் கோபம்

சங்கத்திலும் ஒரு சுழற்சிக் கடன் நிதி உண்டு. அதன் கணக்கு ஒரு சிஆர் கொப்பியில் எழுதப்பட்டிருந்தது. காசு வந்ததும் போனதும் இருக்கும், பற்றுச்சீட்டு இருக்காது. இந்தப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காசேட்டை எவ்வாறு எழுதுவது, வங்கிப் புத்தகத்தோடு எவ்வாறு ஒப்பிடுவது என்று காட்டினார். பொருளாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு வருசமா வச்சிருக்கன், என்னக் கள்ளி எண்டா நினைக்கிற?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது.

அந்தப் பிள்ளை பதற்றப்படாமல் சொன்னார்: "இல்ல மாமி. நாளைக்கு ஆரும் உங்களக் கள்ளி எண்டு சொன்னா, இல்ல எண்டு காட்டுறதுக்கு உங்கட கையில என்ன இரிக்கி?"

இதைவிட எளிமையாகக் கணக்காய்வை விளக்க முடியாது. கணக்குப் புத்தகம் நேர்மையாக உழைக்கும் பெண்ணுக்குக் காவல். எமது சங்கங்களில் எத்தனையோ நல்ல பொருளாளர்கள் ஊர்க்கதையால் மனம் உடைந்து ஒதுங்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தச் சங்கத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகம் பாவனையில் உள்ளது. ஒவ்வொரு கூட்டத்திலும் மீதியை வாசித்த பிறகே மற்ற விடயம் பேசுகின்றனர். வாசிப்பவர் அதே பொருளாளர்தான்.

செய்ய வேண்டியவை

ஒரு பிள்ளைக்குக் கிடைத்த மூன்று மாதப் பயிற்சி ஒரு வீட்டுக்கும் ஒரு சங்கத்துக்கும் இவ்வளவு பயன் தந்திருக்கிறது. இது அதிர்ஷ்டத்தால் நடந்ததாக இருக்கக்கூடாது. எனவே சிலவற்றைக் கேட்டுக்கொள்கின்றேன்.

கணக்காய்வு அலுவலகம் நடத்துவோருக்கு: பயிலுனரைத் தெரிந்தவர் மூலம் எடுக்காமல் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அறிவித்தல் அனுப்பி எடுங்கள். பஸ் செலவையாவது ஈடுசெய்யும் கொடுப்பனவு கொடுங்கள். கடைசி பஸ் நேரத்தைக் கேட்டறிந்து வேலையை ஒழுங்குபடுத்துங்கள். இரவு வேலை இருந்தால் இரண்டு பெண்களாக அனுப்பி, வீடு சேரும் வரை பொறுப்பெடுங்கள். தேநீர் ஊற்றும் வேலை இருந்தால் எல்லோருக்கும் முறைவைத்துக் கொடுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை எங்கே போகிறது, யாருடன் வேலை செய்கிறது என்று விசாரிப்பது உங்கள் உரிமை. முடிந்தால் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். ஆனால் பயத்தால் பிள்ளையை மறித்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு: பயிற்சி தொடங்கும்போதே கடிதம் ஒன்று கேட்டுப் பெறுங்கள். காலம், நேரம், கொடுப்பனவு, செய்யும் வேலை என்பன அதில் இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் செய்த வேலையை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். பிற்பாடு நேர்முகப் பரீட்சையில் அதுவே உங்கள் சாட்சி. தகாத சொல்லோ தொடுகையோ நேர்ந்தால் சகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, 1995ஆம் ஆண்டின் திருத்தத்துடன், பாலியல் தொந்தரவு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகும். பயிலுனர் என்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமற் போகாது. 1938 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் பெண்களுக்கான உதவிச் சேவை கிடைக்கும்.

மாதர் சங்கங்களுக்கு: உங்கள் ஊரில் கணக்குப் படித்த ஒரு பெண் பிள்ளை கட்டாயம் இருப்பாள். மாதத்தில் ஒரு நாள் அவளை அழைத்து உங்கள் கணக்கைக் காட்டுங்கள். அவளுக்கு அது பயிற்சி, உங்களுக்கு அது பாதுகாப்பு. செய்த வேலைக்குச் சங்கத்தின் கடிதத்தலைப்பில் ஒரு சான்றிதழும் எழுதிக்கொடுங்கள். பஸ் காசு 760 ரூபா குறைகிறது என்று ஒரு பிள்ளை பயிற்சியை விடும் நிலை வந்தால், சுழற்சி நிதியிலிருந்து அதனைக் கொடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள். நான் குறிப்பிட்ட சங்கம் இவ்வாறு ஒரு தீர்மானம் எடுத்துள்ளது. உயர்தரம் முடித்த இன்னொரு பிள்ளைக்கு மூன்று மாதம் பஸ் காசு கொடுக்க வேண்டும் என்பதே அத்தீர்மானம். அதனை முன்மொழிந்தவர் பொருளாளர்.